ஒரே கலத்தில் இருவர்

சனிக்கிழமை மதியம் துறைமுகத்தில் கிரேன் வேலை முடிந்ததும் அருள்செல்வி முகம் கழுவிக்கொண்டு நேரே சுழிக்கூடத்துக்குப் போவாள். தூத்துக்குடியில் பாதிக் குடும்பங்களுக்கு அங்கே யாராவது ஒருவர் இருந்தார். அவளுக்கு, மாரடைப்பில் போன கணவன் தேவநேசன்.

இறப்பவரின் மூளைப்பதிவைக் கடுங்குளிர் வாயுவில் எழுதிவைக்கும் இடம் அது. அந்தக் குளிரில் வாயு உராய்வே இல்லாத மீப்பாய்மமாகிவிடும். சுழற்றினால் மொத்தமாகச் சுழலாது. உள்ளே நுண்ணிய சுழிகள் விழும். அந்தச் சுழிகள் நிற்கிற ஒழுங்குதான் ஆள். இடப் பற்றாக்குறையால் ஒரு கலத்தில் இருவர்: டிஸ்ப்ரோசிய உலோக வாயுவில் ஒருவர், எர்பிய உலோக வாயுவில் இன்னொருவர். ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது என்றுதான் சேர்க்கும்போது சொல்லியிருந்தார்கள்.

"சாப்பிட்டியா செல்வி?" என்றது ஒலிபெருக்கி. கணவனின் அதே கரகரத்த குரல்.

"ஆச்சு. நீங்க எப்படி இருக்கீய?"

"பரீட்சைக்கு நேரமாச்சு. என் நீலத் துப்பட்டாவைக் காணோம்."

அது அவர் பேச்சில்லை. அருள்செல்வி கூடத்தின் பொறியாளர் மதிவதனியிடம் ஓடினாள். அவர் கலத்தின் படத்தைத் திரையில் காட்டினார்.

"இந்த அணு ஒவ்வொண்ணும் குட்டிக் காந்தம்மா. தொடாமலே ஒண்ணையொண்ணு இழுக்கும், தள்ளும். இவரோட சுழி நடுவுல இருக்கிற பள்ளத்துல, கலத்துல கூட இருக்கிற பிள்ளையோட அணுக்கள் போய் நிறைஞ்சிடுச்சு. அவளோடதுல இவரோடது. முன்னே முக்கோணமா நின்ன சுழிகள் இப்போ வரிவரியாப் பின்னிக்கிடக்கு."

"பிரிக்க முடியாதா?"

"ஒண்ணை எடுத்தா மத்தது குலைஞ்சிடும்."

அந்தப் பிள்ளை காயல்பட்டினத்து நஸ்ரின். படகு கவிழ்ந்து இறந்த கல்லூரிப் பெண். அவளுடைய தகப்பன் பீர் முகம்மது வரவேற்பறையில் அருள்செல்விக்காகக் காத்திருந்தார்.

"சுழற்சிய நிறுத்தி எம்மவளைப் போக விட்டுடச் சொல்லிக் கேட்டேன் தாயி. ரெண்டு வீட்டுச் சம்மதமும் வேணுமாம். போன வாரம் சொல்றா, 'நெஞ்சுவலின்னு சொன்னா செல்வி பயந்துருவா, அதான் மறைச்சேன்'னு. சின்னப்பிள்ளை வாயில அடுத்தவரு கவலை. என்னால கேக்க முடியல."

அருள்செல்வி எழுந்துவிட்டாள். "நெஞ்சுவலிய எங்கிட்ட அவுக ஒரு வார்த்தை சொல்லலியே பாய். இப்பத்தான் தெரியுது. இனி எப்படி விடச் சொல்லுதீய?"



அதன்பின் வந்த சனிக்கிழமைகளில் தேவநேசன் குறைவாகவே பேசினான். ஒருநாள் திடீரென்று, "இங்க யாரோ இருக்காங்க செல்வி" என்றான். "நான் நினைக்கதுக்கு முன்னாடி அவங்க நினைச்சிருதாங்க."

"யாருங்க?"



"தெரியல. நானாத்தான் இருக்கும்."

அவள் வெளியே வந்து பீர் முகம்மதுவுக்குப் போன் செய்தாள். "ரெண்டு பேரையும் விட்டுடலாம் பாய், எனக்குச் சம்மதம்" என்றாள்.

ஒருநாள் நல்ல வெயில் நேரத்தில் கலத்தின் சுழற்சியைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்தார்கள். ஆளுக்கொரு ஒலிபெருக்கி முன்னால் அருள்செல்வியும் பீர் முகம்மதுவும் உட்கார்ந்தார்கள். திரையில் சுழிகள் ஒவ்வொன்றாக ஓரத்துக்கு நகர்ந்து மறைந்தன.

"வாப்பா, கண்ணு தெரியல. பயமா இருக்கு."

தேவநேசனின் கரகரத்த குரல்தான் அப்படி அழுதது. மகள் தன்னைக் கூப்பிடும் சொல்லைக் கேட்டுப் பீர் முகம்மது சட்டெனத் திரும்பினார். அதேசமயம் அவர் முன்னாலிருந்த ஒலிபெருக்கியிலிருந்து மெல்லிய பெண்குரல், "செல்வி, இருக்கியா?" என்றது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அருள்செல்வி எழுந்தாள். கணவனின் குரல் இன்னும் விசும்பிக்கொண்டிருந்த நாற்காலியை அவருக்கு விட்டுக்கொடுத்தாள். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணின் குரலருகே போய்க் குனிந்தாள்.

"இருக்கேங்க. இங்கதான் இருக்கேன்."