இறக்கையடியில் வெள்ளை

கல்லுமலை முருகன்மேல் சத்தியம், இதில் ஓர் எழுத்துகூடக் கூட்டிச் சொல்லவில்லை. பொய்யென்றால் என் பல்செட் கழன்று சோற்றில் விழட்டும்.

புனிதா காலையில் ஊசி குத்தி வரிசையாக வைத்த ஈக்கள் சன்னலைப் பார்த்து நின்றன. மாலையில் அத்தனையும் கூடத்தைப் பார்த்து நின்றன.

கூடத்தில் அவள் கணவன் யுகேந்திரன் குப்புறப் படுத்திருந்தான். தைப்பூசக் காவடிக்காக முதுகில் கொக்கி குத்திய இடமெல்லாம் திருநீறு அப்பியிருந்தது.

அவள் வேலை பார்க்கும் கால்நடை ஆய்வுக்கூடத்தில் கூரை ஒழுகியது. அதனால் உருப்பெருக்கியைச் சிலிபினில் இருக்கும் தன் வீட்டுச் சமையல் மேசைக்கே கொண்டுவந்திருந்தாள். லகாட் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்தில் ஆடு வளர்க்கும் மாயாண்டி அண்ணன், ஆட்டின் காயத்தில் மொய்த்த ஈக்களைப் பிடித்து பிஸ்கட் டின்னில் போட்டுக் கொடுத்திருந்தார். காவடிக்கு மறுநாள், சட்டைகூடப் போடாமல் அந்த ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் யுகேந்திரன்தான்.

நீலப்பச்சை உடம்பு, செங்கண். இப்படி இரண்டு இனம் உண்டு. ஒன்று செத்த சதையில் முட்டையிடும், தொல்லையில்லை. மற்றது உயிருள்ள சதையைத்தான் தேடும். அதன் புழு எலும்புவரை போகும். இறக்கையின் அடியில் மடிந்திருக்கும் சிறு செதிலைப் பார்க்க வேண்டும். பழுப்பென்றால் பிழைத்தோம்.

மழை தகரக் கூரையில் இரைந்துகொண்டிருக்க, அந்த இரைச்சலுக்கு அடியில் யாரோ ஈரத்துணியை மெல்ல மெல்லப் பிசைவதுபோல் ஒரு சத்தமும், திருநீற்று வாசனைக்கும் சாம்பிராணிக்கும் அடியில் கனிந்து வெடித்த பலாப்பழம்போல் ஒரு நாற்றமும், கூடத்திலிருந்து அவளிடம் வந்துகொண்டேயிருந்தன.

“என்னங்க, முதுகு வலிக்குதா?”

“வலியில்ல லா. கூசுது. யாரோ தடவிக் குடுக்கிற மாதிரி இருக்கு.”

“கிளினிக் போலாம், எந்திரிங்க.”

“ஆட்டுக்குப் பாக்கிற வைத்தியத்த எனக்குப் பாக்காத, ஈ டாக்டரம்மா. காவடிக் காயத்துக்குத் திருநீறுதான். மருந்து பட்டா வேண்டுதல் கெட்டுரும்.”

புனிதா ஊசிமுனையால் ஓர் ஈயின் இறக்கையைத் தூக்கினாள். விளக்கைத் திருப்பினாள்.

வெள்ளை.

அடுத்தது. வெள்ளை. அதற்கடுத்தது.

பால் வெள்ளை.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவள் கூடத்துக்குப் போனாள்.

திருநீறு அசைந்தது. காற்றில் இல்லை. மூச்சிலும் இல்லை. இங்கே ஒரு மேடு. அங்கே ஒன்று. உயர்ந்தது. தணிந்தது.

ஈரத்துணியால் துடைத்தாள்.

கொக்கித் துளைகள். ஒவ்வொன்றிலும் புழுக்கள், தலை சதைக்குள், வால் வெளியே. வால் நுனியில் இரண்டிரண்டு கரும்பிளவுகள். அவை மூச்சுத் துளைகள் என்றுதான் படித்திருந்தாள். நூறு முறை பார்த்தவள்தான்.

அவள் இடப்பக்கம் நகர்ந்தாள்.

பிளவுகளும் திரும்பின.

வலப்பக்கம்.

திரும்பின.

முதுகு முழுவதும் அவளையே பார்த்தது.

“ஏன் நிறுத்திட்ட?” தலையணைக்குள்ளிருந்து யுகேந்திரன் சிரித்தான். “தடவு லா. சுகமா இருக்கு.”

அவள் கை அவன்மேல் இல்லை. அவளுக்குப் பின்னால், மேசையில், ஊசிகளில் குத்தியிருந்த ஈக்கள் ஒவ்வொன்றாக இறக்கை அடிக்கத் தொடங்கின.

சோற்றில் விழுந்த பல்செட்டைக் கழுவி மாட்டிக்கொண்டு இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த வருடம் யுகேந்திரன் காவடியே எடுக்கவில்லை; தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தான்.