பின் சக்கரத்துக்குப் பாரம்

மழை பெய்கிற நேரத்தில் மருந்து வாசம் வரக்கூடாது. அதுவும் வெடி விபத்துக்குப் பிறகு பூட்டி சீல் வைத்த பட்டாசு கம்பெனியிலிருந்து சுத்தமாக வரக்கூடாது. ஆனால் காளீஸ்வரன் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டியபோது, நனைந்த கரிசலின் வாசத்துக்கும் டயர் கருகுகிற நாற்றத்துக்கும் நடுவே அது வந்து மூக்கில் ஏறியது. கந்தகமும் அலுமினியப் பவுடரும் கலந்த, நாக்கில் காசை வைத்தது போன்ற வாசம். மூக்குதான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.

குட்டியானை லோடு வண்டி நகரவில்லை. பின் சக்கரங்கள் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றி, சேற்றை வாரி இறைத்து, இன்னும் கொஞ்சம் கீழே இறங்கின.

"எழவெடுத்த வண்டி!" என்று ஸ்டியரிங்கைக் குத்தினான்.

வண்டியைத் திட்டி என்ன செய்ய? பாலத்துக்கு மேலே தண்ணீர் போகிறது, சுற்றிப் போங்கள் என்று சொன்னபோது பேசாமல் சுற்றிப் போயிருக்கலாம். அட்டைப்பெட்டி லோடை இறக்கிவிட்டு, வெறும் வண்டியோடு, மழைக்காலத்தில் கரிசல் பாதையில் இறங்கச் சொல்லி இவனை யார் அழைத்தார்கள்?

போன் அடித்தது. அவன் மனைவி முருகேஸ்வரி. விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து ஊருக்குப் பாதை பிரிகிற ஆமத்தூர் விலக்கில் இறங்கி, இவனுக்காக நின்றுகொண்டிருக்கிறாள். ஏழு மாதக் கர்ப்பிணி.

"எங்கன வர்றீக?" அவள் பேசப் பேச வளைகாப்பு வளையல்கள் சலசலத்தன.

"கரிசல்ல மாட்டிக்கிட்டேன் புள்ள. இந்தா வந்துருவேன்."

"அப்பவும் இதையேதான் சொன்னீக. இங்கன ஒரு ஈ காக்கா இல்ல. இடுப்பு வேற விட்டுப்போகுது."

"பயப்படாத. வேற எந்த வண்டியிலயும் மட்டும் ஏறிறாத. நான் வந்துர்றேன்."

"சரி, அந்த முன்கதவச் சரி பண்ணுனீகளா?"

இடப்பக்கக் கதவு திறக்காமல் போய் ஒரு மாதமாகிறது. இன்றைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்றே போய்விட்டது.

"அப்ப வயித்துப் பிள்ளக்காரியப் பின்னாடிதான் ஏத்திட்டுப் போகப்போறீக. நல்லா இருங்க," என்று வைத்துவிட்டாள்.

எரிச்சலோடு இறங்கினான். சக்கரத்துக்கு முன்னால் கல்லைப் போட்டான். கல் சேற்றுக்குள் போய்விட்டது. கையில் முள் ஏற ஏறக் கருவேலங்கிளைகளை ஒடித்து வந்து திணித்தான். சாக்கை விரித்தான். சக்கரம் அதைச் சுருட்டிப் பின்னால் துப்பியது. டயரில் காற்றைக்கூடக் குறைத்துப் பார்த்தாயிற்று. என்ஜின் முன்னால், தள்ளுகிற சக்கரம் பின்னால். பின்னால் பாரம் இருந்தால்தான் அதற்கு மண்ணில் பிடி கிடைக்கும். வெறும் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்கிற வண்டிக்குப் பிடி எங்கிருந்து வரும்?

இதே வண்டி இதே பாதையில் ஒருநாளும் மாட்டியதில்லை. இந்தக் கம்பெனி ஓடிய காலத்தில் இவன்தான் பெண்களைக் காலையில் கொண்டுவந்து விட்டு, சாயங்காலம் ஏற்றிப்போவான். உள்ளே போன் கொண்டுபோகக்கூடாது என்பதால் கேட்டுக்கு வெளியே நின்று ஹாரன் அடிப்பான். குறுக்கி இரண்டு, நீட்டி ஒன்று. கழுவியும் போகாத வெள்ளிப் பவுடரோடு வந்து ஏறுவார்கள். கடைசியாக ஏறுவது கருப்பம்மாள். தலையை எண்ணிப் பார்த்துவிட்டு இவன் முதுகுப் பக்கத்து முன்தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "ஆளு கூடிருச்சு, போலாம்ப்பா" என்பாள். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இன்னும் ஆள் வரணும்.

முருகேஸ்வரியும் அங்கேதான் வேலை பார்த்தாள். ஒருநாள் காய்ச்சல் என்று படுத்துவிட்டாள். "ஒரு ஆளு கொறையுதேப்பா, நாளைக்குக் கூட்டிட்டு வந்துரு" என்றாள் கருப்பம்மாள். அன்று மத்தியானம்தான் வெடித்தது. சாயங்காலம் இவன் ஏற்றிக்கொள்ள ஆள் இல்லை.

அதையெல்லாம் நினைக்கிற நேரமா இது? இருட்டுகிறது. அவள் தனியாக நிற்கிறாள். வண்டியில் ஏறி, சாவியைத் திருகி, மிதித்தான். சக்கரம் சுற்றியது. அவ்வளவுதான்.

"நாலு பேரு பின்னால ஏறி உக்காந்தாப் போதுமே! இந்தா வந்துருமே!" என்று மழையைப் பார்த்துக் கத்தி, ஆத்திரத்தில் ஹாரனை அடித்தான்.

கை பழகிய கை. குறுக்கி இரண்டு. நீட்டி ஒன்று.

அடித்த பிறகுதான் என்ன அடித்தோம் என்று உறைத்தது. ஹாரன் சத்தம் கம்பெனிச் சுவர்வரை போய்த் திரும்பி வந்தது. மழை மட்டும் தார்ப்பாயில் பொரிந்துகொண்டிருந்தது. மருந்து வாசம் இப்போது வெளியே இல்லை. வண்டிக்குள் இருந்தது.

வண்டி ஒருமுறை பின்பக்கம் அமுங்கியது. யாரோ காலை வைத்து ஏறுகிறபோது அமுங்குமே, அப்படி.

பிறகு இன்னொரு முறை.

இன்னொரு முறை. அடியில் ஸ்பிரிங் பட்டைகள் முனகின. ஈரச்சேலை தார்ப்பாயில் உரசியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்பவில்லை.

முதுகுக்குப் பின்னால் தகரத்தில் இரண்டு தட்டு.

கால் தானாக மிதித்தது. சக்கரம் சுற்றவில்லை, பிடித்தது. உடும்பு பிடித்தாற்போலப் பிடித்து, பள்ளத்திலிருந்து ஏறி, கரிசலில் துளி சறுக்காமல் போயிற்று. அந்தப் பயத்திலும் அவனுக்கு ஒரு கணம் சந்தோசமாக இருந்தது. அதை நினைத்துத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

தார் ரோடு வந்தது. வண்டி பாரமாகவே ஓடியது. குலசாமியோ வேறு சாமியோ, யார் பெயரும் வாயில் வரவில்லை. நிறுத்தி இறங்கி ஓடலாம். ஓடினால் அவர்களும் இறங்குவார்களே. இறங்கி எங்கே போவார்கள்?

விலக்கு தெரிந்தது. தெருவிளக்கின் கீழே முருகேஸ்வரி, மஞ்சப்பையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு, ஒரு கையை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

தகரத்தில் ஒரு தட்டு.

ஒன்றே ஒன்று.

"மாட்டேன்," என்றான் காளீஸ்வரன். "தாயே, அவ மாசமா இருக்கா. மாட்டேன்."

ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். இவர்களை எங்காவது தூரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு நடந்தே திரும்பி வரலாம். அவள் திட்டட்டும். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும். அவள் முகம் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தது. சிரிப்பு மறைந்து திகைப்பானது. "ஏங்க!" என்ற குரல் பின்னால் போயிற்று. தாண்டிவிட்டான். தாண்டியேவிட்டான்.

மூச்சை விட்டான்.

வண்டி பின்பக்கம் அமுங்கியது.

பக்கக் கண்ணாடியில் பார்த்தான். தெருவிளக்கின் கீழே யாரும் இல்லை. ரோட்டில் மஞ்சப்பை மட்டும் நனைந்துகொண்டு கிடந்தது.

தகரத்தில் இரண்டு தட்டு.

"ஆளு கூடிருச்சு. போலாம்ப்பா."

கண்ணாடியில், தார்ப்பாயின் ஓரத்துக்குக் கீழே, பக்கப்பலகையைப் பிடித்தபடி வரிசையாகக் கைகள் தெரிந்தன. எல்லாம் வெள்ளி பூத்த கைகள். மழை பட்டும் வெள்ளி கரையவில்லை. நடுவில் ஒரு கை மட்டும் கை நிறைய வளையலோடு இருந்தது. அதன் நகங்களில் வெள்ளி ஏறிக்கொண்டிருந்தது.