தளவாய் நீட்டாத கை

மேல்வானம் குங்குமம் பூசிக்கொண்ட அந்திப் பொழுதிலே, செங்கானாற்றின் பொன்னிற நீரைக் கிழித்துக்கொண்டு நெடுங்கல் கோட்டையிலிருந்து ஒரு பரிசல் அக்கரை நோக்கிச் சென்றது. வளையல் வியாபாரி வேடத்தில் துடுப்பு வலித்தவரை, அன்பான வாசகர்களே, சாமானியராக எண்ணிவிடாதீர்கள்! பதினோரு போர்களில் புறமுதுகு காட்டாத தளவாய் இருளப்பச் சேர்வைதான் அவர். இன்று ஓர் ஊசிக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்தார்.

பசுவின் அம்மைக் கொப்புளத்துப் பாலைக் கையில் கீறி ஏற்றினால் வைசூரி அண்டாது என்று புதிதாக வந்த வைத்தியர் சொல்ல, கோட்டையை ஆளும் இளவரசி வடிவழகி நாச்சியார் அனைவரும் குத்திக்கொள்ளக் கட்டளையிட்டிருந்தாள். "தளவாய் கை நீட்டட்டும், நாங்களும் நீட்டுகிறோம்" என்றார்கள் வீரர்கள். தளவாயோ, "அம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்கிறேன், இரத்தம் சிந்தலாகாது" என்று மணிக்கட்டிலிருந்த மஞ்சள் கயிற்றைக் காட்டித் தப்பினார். மறுநாளே முந்நூறு வீரர்களின் கையிலும் மஞ்சள் கயிறு! மனிதரை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பயம் அதைவிடப் பெரிதாயிருந்தது.

அக்கரைக்குப் போகவேண்டுமென்று கெஞ்சிப் பரிசலில் ஏறிக்கொண்ட முக்காடிட்ட மாது ஒருத்தி மெல்லக் கேட்டாள்: "காப்புக் கட்டியவர் ஊர் எல்லை தாண்டலாமோ, வளையல்காரரே?"

அந்தக் குரல்! துடுப்பு கை நழுவப் பார்த்தது. "தேவி! தாங்களா?"

முக்காடு விலகியது. இளவரசியின் செந்தாமரைக் கரத்திலும் ஒரு மஞ்சள் கயிறு. "கட்டளை பிறப்பித்தபோது அந்த ஊசியை நான் பார்த்திருக்கவில்லை, தளவாயாரே" என்றாள் பரிதாபமாக.

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அக்கரையை நெருங்கியதும் நின்றுபோயிற்று. கரையோரத்து வீடு ஒன்று விடாமல் வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. உள்ளேயிருந்து ஒரு தாயின் அழுகை கேட்டது. தளவாய் துடுப்பை நிறுத்தினார்.

"சென்ற வாரம் இரண்டே வீடுகள்" என்றார். "கோட்டைக்குள் நம் வீரர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள், தேவி."

"பரிசலைத் திருப்பும்!" என்றாள் நாச்சியார். இருவரும் காப்பை அவிழ்த்து ஆற்றில் விட்டார்கள். "நாளை சபை நடுவே முதலில் நாமிருவரும் கை நீட்டுவோம். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டால் எவரிடமும் சொல்வதில்லையென்று சத்தியம் செய்யும்."

தளவாய் வியாபாரி வேடத்துக்குள் மறைத்திருந்த உடைவாளைத் தொட்டார். "சத்தியம், தேவி! சொல்லவும் இயலாது. அப்போது அடியேனின் கண்களும் மூடியேயிருக்கும்."