கிழிந்த குடை

முப்பத்தொன்று... முப்பத்திரண்டு... இல்லை!

ஆசிரியர் அறை மேசையில் அடுக்கியிருந்த ஆங்கில நோட்டுகளை மிளகாய் படபடவென்று புரட்டிக்கொண்டிருந்தாள். மதிய இடைவேளை முடிய இன்னும் ஏழே நிமிடம். அதற்குள் தன் நோட்டை எடுத்து, ஒரே ஒரு பக்கத்தைக் கிழித்தாக வேண்டும். இல்லாவிட்டால் கடைசி பீரியடில் மிஸ் அதை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி படித்துவிடுவார். கடுகும் கேட்பாள்.

மிளகாய் என்பது அவளுடைய பட்டப்பெயர். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கடுகு அவளுடைய பெஞ்சுத் தோழி. ஆள் அவ்வளவு சின்ன உருவம். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை இருவருக்கும் ஒரே பெஞ்சு.

நேற்று ஆங்கில மிஸ் இந்தப் பெயர்களை வைத்துத்தான் பாடமே நடத்தினார்.

"'இவ மிளகாய் மாதிரி'ன்னா அது உவமை. இங்கிலீஷ்ல 'லைக்' வரும். அந்த 'மாதிரி'யைத் தூக்கிப் போட்டுட்டு 'இவ ஒரு மிளகாய்'னு சொல்லு, அது உருவகம். எங்க, அவங்கவங்க ஃப்ரெண்டைப் பத்தி ஒரு உருவகம் எழுதுங்க. நாளைக்குக் கடைசி பீரியட்ல எல்லாத்தையும் படிப்பேன்!"

போதாத காலம், அதற்கு முந்தைய பீரியடில்தான் அந்த வம்பு நடந்திருந்தது. அறிவியல் சார்ட்டில் மை கொட்டிக் கிடந்தது. "யார் வேலை இது?" என்று சார் கேட்டார். கடுகுக்குப் பொய் சொல்ல வராது. மெல்லத் திரும்பி மிளகாயைப் பார்த்தாள். அவ்வளவுதான்! புது சார்ட் வரைந்து வரும் தண்டனை மிளகாய் தலையில் விழுந்தது.

அந்தக் கோபத்தில் மிளகாய் பேனாவை அழுத்தி எழுதினாள்: 'என் தோழி ஒரு கிழிந்த குடை.'

தேவைப்படும்போது காப்பாற்றாதவள் வேறு என்னவாம்?

ஆனால் இன்று மதியம் பெஞ்சுக்கு அடியில் ஒரு சார்ட் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பூவின் பாகங்கள் அத்தனையும் அழகாக வரைந்து வண்ணம் தீட்டியிருந்தது. ஓரத்தில் கடுகின் பொடி எழுத்து: 'நீ பூ வரைஞ்சா கத்தரிக்காய் ஆயிடும். அதான் நானே வரைஞ்சிட்டேன்.'

மிளகாய் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்தாள். டப்பாவை மூடிவிட்டு ஓடி வந்துவிட்டாள்.

"என்னம்மா, புதையல் தேடுறியா?"

வாசலில் மிஸ்! மிளகாய் கையிலிருந்த நோட்டுகள் சரிந்தன.

"மிஸ்... என் நோட்டுல ஒரு பக்கத்தை மட்டும்..."

"கிழிக்கணுமா? அந்தக் கதையே வேண்டாம்." மிஸ் அடுக்கின் அடியிலிருந்து அவளுடைய நோட்டை உருவிப் படித்தார். புருவம் மேலே போனது. "உருவகம் சரியாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் உன் மூஞ்சி இப்படி இருக்கு?"

மிளகாய் அந்த வரியையே பார்த்தாள். உலகத்தில் எத்தனையோ பொருள் இருக்க, கிழிந்த குடை எங்கிருந்து வந்தது?

சட்டென்று நினைவு வந்தது. ஒன்றாம் வகுப்பு. கொட்டுகிற மழை. பள்ளிக்கூட வாசலில் அவள் விசும்பிக்கொண்டு நிற்கிறாள். எங்கிருந்தோ ஒரு பெரிய கறுப்புக் குடையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வருகிறாள் கடுகு. குடையில் ஒரு பக்கம் கிழிசல், இரண்டு கம்பி வேறு வளைந்திருக்கிறது. வீடு வரைக்கும் இருவரும் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே நடக்கிறார்கள். ஏழாம் வாய்ப்பாட்டில் இருவருமே தப்பு.

"மிஸ், கிழிக்கல. கீழே ஒரு வரி சேர்த்துக்கட்டுமா?"

"மணி அடிக்கிறதுக்குள்ள சேர்த்துக்கோ."

கடைசி பீரியட். "என் நண்பன் ஒரு கடிகாரம். ஆனால் எப்போதும் லேட்டாக ஓடும்" என்று மிஸ் படித்ததும் வகுப்பு சிரித்தது. அடுத்த நோட்டைப் பிரித்தார்.

"என் தோழி ஒரு கிழிந்த குடை."

"கடுகு, உன்னைத்தான்டி!" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். சிரிப்பு. கடுகு தலையைக் குனிந்துகொண்டாள்.

மிஸ் அடுத்த வரியைப் படித்தார். "கிழிந்த பக்கத்தை அவள் வைத்துக்கொண்டாள். அதனால் நான் நனையவில்லை."

சிரிப்பு நின்றது. கடுகு மெல்ல நிமிர்ந்தாள்.

"அது இன்னும் உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. சாரிடி. ஆமா, அந்த ஓட்டைக் குடை உங்க வீட்டுதா?"

"இல்ல. வாட்ச்மேன் அண்ணன்கிட்ட கேட்டு வாங்கினேன்." கடுகு குரலைத் தாழ்த்தினாள். "என் பையில புது மழைக்கோட்டு இருந்துச்சு."

"அடிப்பாவி! அப்புறம் ஏன்டி அதைப் போட்டுக்கல?"

கடுகு தோளைக் குலுக்கினாள்.

"அதுக்குள்ள ஒருத்தர்தானே போக முடியும்?"