வாடகைக்கு ஒரு தொண்டை

பழைய இசைத்தட்டில் பூஞ்சை வாடை அடிக்கும், கரப்பான் வாடை அடிக்கும், அதெல்லாம் கிரீஷுக்குப் பழக்கம்தான். இதில் அடித்தது வாய் நாற்றம். பல் தேய்க்காத யாரோ முகத்துக்கு நேரே கொட்டாவி விட்ட மாதிரி, உறையைப் பிரித்ததுமே வெதுவெதுவென்று வந்து மூக்கில் ஏறியது. முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனாலும் கீழே வைக்கவில்லை.

மந்தைவெளிப் பழைய பேப்பர் கடைத் தங்கவேல் அதற்குக் காசுகூடக் கேட்கவில்லை. "எட்த்துக்கினு போ சார். இது வந்ததுலேர்ந்து கடையே நாறிக்கினு கீது."

உறை, பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்குமே மாத நாவல், அதன் அட்டை மாதிரியே இருந்தது. மழை, தெருவிளக்கு, சிவப்புப் புடவைக்காரி, அவள் கழுத்தில் ஓர் ஆணின் கை. மேலே கோணல் எழுத்தில் 'வாடகைக்கு ஒரு தொண்டை'. பாடியவள் பெயர் இல்லை, கம்பெனி பெயர் இல்லை. தட்டு சேர்க்கிற எவனும் இப்படி ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னதில்லை. கிரீஷுக்கு ஆசை தலைக்கேறியது.

ஆழ்வார்பேட்டை ஃபிளாட்டுக்கு வந்து ஓடவிட்டான். ஒரே கரகரப்பு. அதற்கு அடியில் எங்கோ ஓர் ஆர்கன் இழுத்துக்கொண்டே போக, ஈரத் தரையில் யாரோ நடக்க, பாட வாயெடுத்துவிட்டுப் பாடாமல் மூச்சு மட்டும் வாங்கும் ஒரு பெண்.

அழுக்கெடுக்க அவனுக்கு ஒரே வழி, தச்சர்களின் வெள்ளைப் பசை. தட்டு முழுக்க ஊற்றித் தடவிக் காயவிட்டு, தோலாக உரித்தால் பள்ளத்திலிருக்கும் அழுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஓரம் கிடைப்பதுதான் கஷ்டம். கிடைத்துவிட்டால் ஒரே இழுப்பு. அதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவனுக்குப் பெருமை வேறு.

மழை நாளில் பசை லேசில் காயாது. ஏசி இருந்தது மதுவந்தியின் சாதக அறையில் மட்டும். அவன் மனைவி வருடக்கணக்காக மத்தியானக் கச்சேரிதான் பாடினாள், சபா காண்டீனுக்குப் போகிற வழியில் எட்டிப்பார்ப்பவர்களுக்காக. இந்த மார்கழியில்தான் முதன்முறையாக மாலை நேரம் கொடுத்திருந்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை.

"பாடற எடத்துல இத வெக்காதே கிரீஷ். குமட்டிண்டு வரது."

"சீக்கிரம் காஞ்சுடும் மது. நீ பாட்டுக்கு சாதகம் பண்ணு."

பாடினாள். ஈரப் பசை அவள் முதுகுக்குப் பின்னால் கிடந்தது. அவள் மேல் ஷட்ஜத்தில் நின்றபோது, அந்த வெள்ளைப் பரப்பு மெல்ல நடுங்கியதை அவன் வாசற்படியிலிருந்து பார்த்தான். ஏசிக் காற்று என்று நினைத்துக்கொண்டான்.

உரித்த தோலின் அடிப்பக்கம் மஞ்சளாக மாவு படிந்திருந்தது, ஜுரக்காரனின் நாக்கு மாதிரி. சீ என்று வீசிவிட்டு ஓடவிட்டான். கரகரப்பு குறைந்திருந்தது. அந்தப் பெண் முணுமுணுத்தாள்.

அன்று சாப்பிடும்போது மதுவந்தி தொண்டையைத் தடவிக்கொண்டாள். "கட்டிண்டிருக்கு." மிளகுப்பால் காய்ச்சிக் கொடுத்தான். மறுநாள் அவள் பாட உட்கார்ந்ததும் மறுபடி பசை தடவிக் கொண்டுபோய் வைத்தான்.

இந்தத் தடவை உரித்தது பசை மாதிரியே இல்லை. வெதுவெதுப்பாக, வழவழப்பாக, சின்னச் சின்ன முண்டுகளோடு. விரலை எடுத்தபோது எச்சில் நூலாக நீண்டது. வாஷ்பேசினுக்கு ஓடி வாந்தி எடுத்தான். அந்தச் சனியனை அப்போதே தெருவில் எறிந்திருக்க வேண்டும். ஆனால் தட்டில் அவள் இப்போது பாடினாள்! இன்னும் கொஞ்சம் அழுக்கு போனால் வார்த்தை புரிந்துவிடும்.

"மேல் ஸா எட்டவே மாட்டேங்கறது," என்று மதுவந்தி அழுதாள். "ஞாயித்துக்கெழம என்ன பண்ணப் போறேன் நான்?"

ரெஸ்ட் எடுத்துக்கொள் என்று அவன் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பாடிப் பார் என்றான். பசை தடவிய தட்டைத் தம்புராவுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு எடுத்து உரித்தான். உள்ளே சிவப்பு நரம்பு ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு குப்பைக் கூடையில் போட்டான். அது கூடைக்குள் தானாக ஒருமுறை விழுங்கியது.

முள்ளை வைத்தான்.

கரகரப்பே இல்லை. ஆர்கன். மழை. நடை. பிறகு குரல். பளிங்கு மாதிரி. பாட எடுக்கும் முன் லேசாகக் கனைத்துக்கொள்ளும் அந்தப் பழக்கம். மூச்சு வாங்கும் அந்த இடம். அதை அவன் எத்தனை மேடையில் கேட்டிருக்கிறான்.

"மது!"

பின்னால் நின்றிருந்தாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. நாக்கு, அண்ணம், உள்ளே தொண்டை வரை எல்லாம் வெள்ளை. காய்ந்துபோன வெள்ளை. உதட்டுக் கோடியில் மட்டும் லேசாகக் கிளம்பியிருந்தது.

அதே நாற்றம்.

அவன் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். கண்ணால் கெஞ்சினாள். எடுத்துவிடு.

மாட்டேன் என்றுதான் நினைத்தான். விரல்களுக்குப் பழக்கம். ஓரம் கிடைத்துவிட்டது.

இழுத்தான். பசை வந்தது. உதடு வந்தது. கன்னம் வந்தது. வந்துகொண்டே இருந்தது. தட்டில் மதுவந்தி மேல் ஷட்ஜத்தில் நின்று சந்தோஷமாகப் பாடிக்கொண்டிருந்தாள்.