பெயர் சொன்னால் வீடு தெரியும்

டிர்ர்ர்...!

1999. வெள்ளிக்கிழமை காலை பத்தேகால்.

பேட்டையில், தன் கம்ப்யூட்டர் பட்டறையில் ரிசீவரை எடுத்தான் குமரகுருபரன்.

"தம்பீ! வீட்டுல அப்பா ரத்தமாக் கெடக்காவ! கம்ப்யூட்டரையும் காணோம்!" பக்கத்து வீட்டு ஆவுடைநாயகம் அலறினார். "அந்த இசக்கி மேலதான் சந்தேகம்!"

பதினொன்றரைக்கு அவன் மறுபடியும் பட்டறையில் இருந்தான். அப்பா ஆஸ்பத்திரியில்... நினைவு திரும்பவில்லை. அவரைக் கவனித்துவந்த இசக்கி, அங்கேயே இன்ஸ்பெக்டர் தேவமணியின் பிடியில்.

"ரேஷன் கடைக்குத்தாம்யா போனேன்!" அவள் விம்மினாள்.

"அரை மணி நேரம் கொடுங்க சார்!" குமரகுருபரன் கெஞ்சினான். "அப்பாவ இங்கன இருந்தே பாக்க, அந்தக் கம்ப்யூட்டர் மேல கேமரா வச்சிருக்கேன். போன் வயரச் செருகி சுவிட்சப் போட்டா, அதுவே போன் பண்ணி இன்டர்நெட்ல சேந்துக்கிடும்."

"நம்பரச் சொல்லும்!"

"இன்டர்நெட்ல ஒவ்வொரு தடவையும் புது நம்பர் கெடைக்கும் சார். அதனாலதான் மாறாத பேர் ஒண்ணு வச்சேன். எந்த வீட்டுல சேந்தாலும், புது நம்பர அந்தப் பேருக்குச் சொல்லிடும். பேர அடிச்சா படம் தெரியும்."

"அடியும்!"

அடித்தான்.

பதில் இல்லை.

மறுபடியும்... இல்லை!

"களவாண்டவன் எதுக்குவே சுவிட்சப் போடுதான்?"

குமரகுருபரன் மறுபடியும் கீபோர்டில் குனிந்தான். ஆற்றில் வீசியிருந்தால்...? பதினாறாவது முறை அடித்தான். பெயர் மௌனம் சாதித்தது.

"பன்னண்டு ஆயிட்டு. ஏறுத்தா ஜீப்புல!"

"ஐயா... எம் புள்ளைகளுக்கு வேற நாதியில்லய்யா!"

குமரகுருபரன் கடைசியாக ஒருமுறை அடித்தான்.

திரை அசைந்தது!

மேலிருந்து கோடு கோடாக இறங்கியது படம். சாமி காலண்டர்... விபூதிப் பட்டை... சூடம் காட்டும் கை...

ஆவுடைநாயகம்!

"நம்பர் மாறிக்கிட்டே இருக்கும்னு அவருட்ட நான்தான் சொன்னேன்..." குமரகுருபரன் நெற்றியில் அறைந்துகொண்டான். "அதான் யாரும் கண்டுபிடிக்க முடியாதுன்னு நெனச்சுட்டாரு. பேர் வச்சதச் சொல்லல!"

"பின்ன ஏன் இம்புட்டு நேரம் சுவிட்சப் போடல?"

இசக்கி கண்ணைத் துடைத்தாள். "வெள்ளிக்கிழமைல்லா! பத்தரைல இருந்து பன்னண்டு வரைக்கும் ராகு காலம். அண்ணாச்சி அதுல நல்ல காரியம் தொடங்க மாட்டாவ."

தேவமணி தொப்பியை மாட்டினார்.

"மூணு மணிக்கு எமகண்டம். வெரசா வாரும்வே... அதுக்கு முன்னால அண்ணாச்சிய லாக்கப்புல குடியேத்தணும்!"