பட்டியலில் இல்லாத இயங்குதளம்

"சர்வரை வாடகைக்கு விடுற கம்பெனிக்காரன் இதுக்கு ஒத்துக்குவானா?" என்று அன்று அனார்குல் கேட்டிருந்தாள்.

"மாட்டான், எஜே. அவன் பட்டியல்லயே இல்லாத இயங்குதளம். இருக்கிறதை அழிச்சிட்டு நாமளே ஏத்திக்கணும். ஏதாவது ஆனா உதவிக்கும் வர மாட்டான்," என்றான் உலான். அவளிடம் கணினி வேலை பார்ப்பவன்; அவளை எஜே, அதாவது அக்கா, என்றுதான் அழைப்பான்.

"அப்புறம் எதுக்குடா இந்த வம்பு?"

"அவனோட இணையப் பக்கத்துல 'கடவுச்சொல்லை மாற்று'ன்னு ஒரு பொத்தான் இருக்கு. அவன் குடுக்கிற இயங்குதளம்னா, அதை அமுக்கிட்டு யார் வேணா உள்ள வந்துடலாம். இதுல அது பலிக்காது. சர்வர் அணைஞ்சு மறுபடி கிளம்பும், அவ்வளவுதான். அப்புறம் நம்ம ரகசியச் சொல்லைத் தட்டுற வரைக்கும் திறக்காது."

"சரி, செய். நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரிய வேண்டாம்."

அது பிப்ரவரியில். மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை 4.20 மணிக்கு, அந்தச் சர்வர் பதில் சொல்வதை நிறுத்தியது.

பிஷ்கெக் நகரில், அடிக்கும் கணவன்மாரிடமிருந்து ஓடிவரும் பெண்களை ஒளித்துவைப்பது அனார்குலின் வேலை. எந்தப் பெண் எந்த வீட்டில் இருக்கிறாள் என்பது அந்தச் சர்வரில் மட்டும்தான் இருந்தது. அவள் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தாள். ஜன்னல் பக்கம் போகாதீர்கள், மணி அடித்தால் கதவைத் திறக்காதீர்கள்.

ஐந்து மணிக்குப் போலீஸ் கேப்டன் சோல்போன் வந்தாள். கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள்.

"இந்த அலுவலகத்திலிருந்தே யாரோ நுழைஞ்சிருக்காங்க. அந்தப் பொத்தானை மூணு தடவை அமுக்கியிருக்காங்க. இந்தப் பக்கத்தோட சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட, உலான்கிட்ட, வாடகை கட்டுறதுக்காக மேரிம்கிட்ட," என்றாள் அனார்குல். மேரிம் கணக்கு எழுதுபவள். அனார்குலின் தம்பி துராத்தின் மனைவி. தேநீர்க் கிண்ணங்களை வைத்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளே யாரும் போகலை. சர்வர் திறக்கவே இல்ல," என்றான் உலான்.

"அதைச் சொல்றது நீங்க. உள்ள போகத் தெரிஞ்சவரும் நீங்க ஒருத்தர்தான். வசதியா இருக்குல்ல?"

உலான் அவள் பக்கம் திரும்பினான். "நான் நினைச்சிருந்தா சத்தமே இல்லாம போயிருப்பேன், கேப்டன். இப்படி ஊரைக் கூட்டியிருக்க மாட்டேன்."

கேப்டன் கிண்ணத்தை எடுத்தாள். குடிக்கவில்லை.

"அதேதான். அந்தப் பொத்தான் இதுல பலிக்காதுன்னு தெரிஞ்சவங்க ஒரு தடவைகூட அமுக்கியிருக்க மாட்டாங்க. மூணு தடவை அமுக்கினவங்களுக்கு இயங்குதளம் மாறினதே தெரியாது. சாவி இருக்கிற மூணு பேர்ல ரெண்டு பேருக்குத் தெரியும்." அவள் திரும்பினாள். "உட்காரும்மா, மேரிம்."

மேரிம் உட்காரவில்லை.

"எவன் குடுத்த பணத்துக்குடி இது?" அனார்குல் எழுந்தேவிட்டாள். "யாரைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தே?"

"யாரையும் இல்ல."

"பின்னே?"

"ஒரு முகவரி வேணும்னு நினைச்சேன். ஏதாவது ஒண்ணு. கதவைத் தட்டினா கேள்வி கேக்காம உள்ள விடுவாங்கன்னு நீங்கதானே சொல்வீங்க."

கேப்டன் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அதை இவங்ககிட்டயே கேட்டிருக்கலாமே?"

"எப்படிக் கேக்கிறது? அவர் இவங்க வளர்த்த தம்பி. ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வரும்."

கீழே கார் ஒன்று நின்றது. கதவு அறையும் சத்தம். தினமும் இந்த நேரத்துக்கு மனைவியை அழைத்துப்போக வருவான் துராத். மேரிம் படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். பிறகு அனார்குலின் கையைப் பிடித்தாள்.

"எஜே, எனக்கும் என் பொண்ணுக்கும் அந்த வீடுகள்ல ஒரு இடம் குடுங்க. எங்கேன்னு உங்க தம்பிகிட்ட மட்டும் சொல்லாதீங்க."